லியா சேஸின் பந்தி: நியூ ஆர்லியன்ஸின் ஒரு வீதி வழியே

அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரின் ட்ரெமே பகுதியில், ஆர்லியன்ஸ் அவென்யூவும் வடக்கு மிரோ தெருவும் கூடும் முனையில் டூக்கி சேஸ் உணவகம் இருக்கிறது. கதவு எண் 2301. அதன் அடுக்களையை அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவர் லியா சேஸ். பிறந்தது 1923 ஜனவரி 6. மறைந்தது 2019 ஜூன் 1, 96ஆம் வயதில். நான்கு பிள்ளைகளைப் பெற்று, பேரன் பேத்திகளையும் அவர்களின் பிள்ளைகளையும் கண்டவர். ஊரார் அவரை ‘மிஸ் லியா’ என்றே அழைத்தார்கள். பத்திரிகைகள் ‘கிரியோல் சமையலின் ராணி’ என்று பட்டம் கொடுத்தன. பட்டத்தைவிடப் பெரியது அவர் செய்த வேலை. நகரின் நல்ல உணவகம் எதிலும் கறுப்பின மக்கள் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலத்தில், அவர்களுக்கு வெள்ளைத் துணி விரித்த மேசை போட்டு, வெள்ளிக் கரண்டி வைத்து, பசியோடு மரியாதையையும் கவனித்துப் பரிமாறியவர் அவர்.

அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதியை ஒரே வீதியைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்துவிடலாம். புனித லூயிஸ் பேராலயத்தின் பின்புறம் ஆர்லியன்ஸ் தெருவாகத் தொடங்கும் அந்த வழி, அவர் படித்த பள்ளி இருந்த கட்டடத்தைத் தொட்டு, காங்கோ சதுக்கத்தில் சற்றே அறுபட்டு, மறுபக்கம் ஆர்லியன்ஸ் அவென்யூவாக அகன்று, அவருடைய உணவகத்தைக் கடந்து நகரப் பூங்காவை நோக்கிப் போகிறது. வளர்ந்த ஊர் மட்டும் ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது.

பயணத்தை அக்கரையிலிருந்து தொடங்குவதே முறை. பான்சார்ட்ரெயின் ஏரியின் குறுக்கே 38 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் ஓடுகிறது. நடுப்பகுதியில் போகும்போது இரு கரையும் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் நிறத் தண்ணீரும் வானமும் மட்டும்தான். பாலம் திறக்கப்பட்டது 1956இல். லியா சிறுமியாக இருந்தபோது அது கிடையாது. ஏரியைச் சுற்றியோ படகேறியோதான் நகரத்துக்கு வர வேண்டும். வடகரையில், செஃபங்க்டா ஆற்றோரத்தில் மேடிசன்வில் என்ற சிற்றூர் இருக்கிறது. இன்று பாய்மரப் படகுகளும் ஆற்றைப் பார்த்த வீடுகளுமாக அமைதியாகத் தெரிகிற இந்த ஊருக்கு ஒரு காலத்தில் கப்பல் கட்டும் தளம்தான் பிழைப்பு. லியாவின் தந்தை சார்லஸ் லாங் அங்கே கலப்பற்று வேலை பார்த்தார். மரக்கலங்களின் பலகை இடுக்குகளில் நார் திணித்து நீர் புகாமல் அடைக்கும் தொழில் அது. தாய் ஹார்டென்சியா. வீட்டில் பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். லியா மூத்தவர்களில் ஒருவர் என்பதால் தம்பி தங்கைகளுக்குச் சோறு போடுகிற பொறுப்பு சிறு வயதிலேயே அவர் கைக்கு வந்துவிட்டது.

1929இல் தொடங்கிய பெருமந்தத்தின்போது அவருக்கு ஆறு வயது. அந்தக் காலத்தில் குடும்பத்தைக் காப்பாற்றியது தோட்டம். வெண்டை, அவரை, கீரை எல்லாம் வீட்டிலேயே விளைந்தன. ஸ்ட்ராபெரிப் பருவத்தில் பிள்ளைகள் எல்லோரும் பழம் பறிக்கப் போனார்கள். காலையில் பள்ளிக்கு முன்பும் மாலையில் பள்ளி விட்ட பிறகும் கைக்கு வேலை இருந்தது. ஜெபம் செய், வேலை செய், பிறருக்குச் செய் என்ற மூன்றையும் தந்தை தங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததாக லியா முதுமையிலும் பேட்டிகளில் நினைவுகூர்ந்தார். தோல் நிறத்தால் கறுப்பர் பக்கம் ஒதுக்கப்பட்டு, பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வேர்களின் கலப்பால் தனி வழக்கங்கள் கொண்டிருந்த கிரியோல் கத்தோலிக்கக் குடும்பம் அது. அவர் பிறந்த ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். நியூ ஆர்லியன்ஸில் அன்றுதான் கார்னிவல் பருவம் தொடங்குகிறது. ஊரே விருந்துக்குத் தயாராகும் நாள்.

மேடிசன்வில்லில் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி இல்லை. எனவே லியா ஏரியைத் தாண்டி நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கி செயிண்ட் மேரிஸ் அகாடமியில் சேர்ந்தார். ஆர்லியன்ஸ் தெருவில், பேராலயத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தால் அந்தக் கட்டடம் வரும். இன்று அது ஒரு பெரிய தங்கும் விடுதி; கீழே கூடத்தில் சரவிளக்குகள், மேலே இரும்புப் பூவேலைக் கைப்பிடி போட்ட மாடங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த இடம் நடன மண்டபமாக இருந்தது. கலப்பினப் பெண்களை வெள்ளைச் சீமான்கள் சந்திக்கும் நடன விருந்துகளின் கதைகள் அதைச் சுற்றி ஏராளம். 1881இல் அந்த மண்டபம் திருக்குடும்பச் சகோதரிகள் சபையின் கைக்கு வந்தது. ஹென்ரியெட் டெலில் என்ற கிரியோல் பெண்மணி 1842இல் தொடங்கிய, கறுப்பினப் பெண்களுக்கான துறவற சபை அது. நடன மண்டபம் மடமாகவும் பள்ளியாகவும் மாறியது. நகரத்துச் சுற்றுலா வழிகாட்டிகள் நடனக் கதையைத்தான் விரும்பிச் சொல்கிறார்கள். கறுப்பினப் பெண்களுக்குக் கல்வி மறுக்கப்பட்ட ஊரில் அதே சுவர்களுக்குள் சுமார் எண்பது ஆண்டுகள் கன்னியர்கள் பாடம் சொல்லிக் கொடுத்ததுதான் அந்தக் கட்டடத்தின் மேலான கதை.

பள்ளி முடிந்ததும் ஊருக்குத் திரும்பிய லியா, பதினெட்டு வயது வாக்கில் மறுபடியும் நகரத்துக்கு வந்தார். கறுப்பினப் பெண்களுக்கு அன்று கிடைத்த வேலைகள் இரண்டு: வீட்டு வேலை அல்லது தையல் ஆலை. அவர் இரண்டையும் விட்டுவிட்டு பிரெஞ்சு குவார்ட்டர் பகுதியில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலைக்குப் போனார். கிரியோல் குடும்பத்துப் பெண்கள் அப்படிப் போவதை அன்று நல்லதாக நினைக்கவில்லை. இதற்கிடையில் குதிரைப் பந்தயத் தரகர் ஒருவரிடம் பலகையில் கணக்கெழுதும் வேலையும் பார்த்தார். அமெச்சூர் குத்துச்சண்டை வீரர்கள் இருவருக்கு மேலாளராகவும் இருந்தார். ஆனாலும் அவர் மனம் பதிந்த இடம் உணவகம்தான். முள்கரண்டியை எந்தப் பக்கம் வைப்பது, விருந்தாளியை எப்படி வரவேற்று உட்கார வைப்பது, மேசைத் துணியின் மடிப்பு எப்படி விழ வேண்டும் என்பதையெல்லாம் வெள்ளையர்கள் மட்டும் சாப்பிட்ட அந்த மேசைகளைக் கவனித்தே கற்றார். தான் பரிமாறும் மேசையில் தானே உட்கார முடியாது என்பது அவருக்கு ஒவ்வொரு நாளும் தெரிந்திருந்தது.

பள்ளிக் கட்டடத்திலிருந்து உணவகம் வரை நடந்தே போகலாம். அரை மணி நேரத்துக்குள் முடிகிற தூரம். ராம்பார்ட் தெருவைக் கடந்தால் காங்கோ சதுக்கம். அடிமை முறை இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பிரிக்கர்கள் கூடிப் பறையடித்து ஆடவும், சிறு வியாபாரம் செய்யவும் கிடைத்த இடம் அது. கற்கள் பதித்த தரையில் பெரிய ஓக் மரங்களின் நிழல் விழுகிறது. அதைத் தாண்டினால் ட்ரெமே. அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று. ரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏறி 1892இல் கைதாகி, 1896இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற ஹோமர் பிளெசி இந்தப் பகுதிக்காரர்தான். செருப்புத் தைக்கும் தொழிலாளி. அந்தத் தீர்ப்புதான் பிரிவினைச் சட்டங்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முட்டுக்கொடுத்தது.

அடுத்து கிளேபோர்ன் அவென்யூ. ஒரு காலத்தில் வரிசை வரிசையான ஓக் மரங்களின் அடியில் கறுப்பினக் குடும்பங்கள் மார்டி கிரா திருவிழாவுக்குப் பாய் விரித்து உட்கார்ந்த வீதி. இருபுறமும் கறுப்பினத்தவர் நடத்திய கடைகள். 1960களில் அந்த மரங்களை வெட்டி மேம்பால நெடுஞ்சாலை போட்டார்கள். கடைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று தூண்களில் பழைய மரங்களை ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். மேலே லாரிகள் அதிர்கின்றன. இந்தப் பாலத்துக்கு அப்பால் ஆறேழு தெரு தள்ளி, இத்தனை அழிவுக்கும் நடுவே இடம் மாறாமல் நின்றுவிட்ட கடைகளில் ஒன்றுதான் டூக்கி சேஸ்.

அதைத் தொடங்கியவர் லியா அல்லர். மூத்த எட்கர் சேஸ், அவர் மனைவி எமிலி இருவரும் 1939இல் தெருமுனையில் லாட்டரிச் சீட்டும் ‘போ பாய்’ எனப்படும் நீள ரொட்டி சாண்ட்விச்சும் விற்கும் சிறு கடை போட்டார்கள். 1941இல் அது உணவகமானது. அவர்களுடைய மகன் இளைய எட்கர், எல்லோருக்கும் ‘டூக்கி’, டிரம்பெட் வாசிப்பவர், சொந்த இசைக்குழு நடத்தியவர். 1946இல் லியா அவரை மணந்து சேஸ் வீட்டு மருமகளானார். பிள்ளைகள் பிறந்து வளர்ந்து பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு கடைக்குள் காலெடுத்து வைத்தார்.

கறுப்பினத் தொழிலாளிகளுக்கு வங்கிகள் சரியாகக் கதவு திறக்காத காலம் அது. வெள்ளிக்கிழமை சம்பளக் காசோலையை எடுத்துக்கொண்டு மக்கள் டூக்கி சேஸுக்கு வந்தார்கள். கடையில் அதைப் பணமாக மாற்றிக் கொடுத்தார்கள். வந்தவர்கள் ஒரு கோப்பை குடித்து, ஒரு சாண்ட்விச் தின்று, ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார்கள். உணவகம் ஊர்ப் பொதுக்கூடமாக மாறியதற்கு இந்தக் காசோலை மாற்றமும் ஒரு காரணம். பசிக்கு வந்தவரைவிடக் காரியத்துக்கு வந்தவரே அந்த இடத்தைத் தன் இடமாக நினைக்கத் தொடங்கினார்.

லியா உள்ளே வந்ததும் முதலில் மாற்ற நினைத்தது மேசையை. சாண்ட்விச் கடையைத் துணி விரித்த உணவகமாக்க வேண்டும் என்றார். மாமியாருக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. பிரெஞ்சு குவார்ட்டரில் பார்த்த மாதிரியே சிங்கி இறாலில் பாலாடைச் சாறு ஊற்றிய ‘லாப்ஸ்டர் தெர்மிடார்’ சமைத்து வைத்தார். வாடிக்கையாளர்கள் முகம் சுளித்துவிட்டார்கள். அங்கிருந்துதான் அவருடைய உண்மையான வழி திறந்தது. தன் ஊர் அடுக்களையின் உணவையே, கம்போவையும் வறுத்த கோழியையும் சிவப்பு பீன்ஸையும், வெள்ளையர் உணவகத்தின் நேர்த்தியோடு பரிமாறினார். உணவு நம்முடையது, மரியாதை முழுமையானது என்ற இந்தச் சேர்க்கைதான் டூக்கி சேஸின் அடையாளம்.

கம்போ என்பது மாவைக் கொழுப்பில் பொன்னிறம் தாண்டி வறுத்து, அதில் வெங்காயம், குடைமிளகாய், செலரி வதக்கி, இறாலும் நண்டும் தொத்திறைச்சியும் சேர்த்துக் கொதிக்கவிட்டுச் சோற்றோடு உண்ணும் கெட்டியான குழம்பு. கெட்டியாவதற்கு வெண்டைக்காய் போடுவார்கள். அல்லது சாசஃபிராஸ் மரத்து இலையைக் காயவைத்துப் பொடித்த தூளைக் கடைசியில் தூவுவார்கள். வெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இலைத்தூள் அந்த மண்ணின் சோக்டா பழங்குடியினர் தந்தது. மாவு வறுக்கும் முறை பிரெஞ்சுக்காரர்களுடையது. ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து உண்ணச் சட்டம் அனுமதிக்காத மக்களின் கைகள் எல்லாம் அந்த ஒரு சட்டியில் சேர்ந்திருந்தன.

ஆண்டுக்கு ஒரு நாள், தவக்காலத்தின் பெரிய வியாழன் அன்று, கீரைக் கம்போ. கடுகுக்கீரை, காலர்ட் கீரை, டர்னிப் தழை, பீட்ரூட் தழை, கேரட் தழை, முட்டைக்கோஸ், லெட்யூஸ், வாட்டர்கிரஸ், பசலை என்று ஒன்பது. எண்ணிக்கை ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும். எத்தனை கீரையோ அத்தனை புது நண்பர்கள் அந்த ஆண்டு கிடைப்பார்கள் என்பது ஊர் நம்பிக்கை. மறுநாள் பெரிய வெள்ளி, இறைச்சி கிடையாது. அதனால் வியாழன் குழம்பில் தொத்திறைச்சி, பன்றித்தொடை, மாட்டிறைச்சி, கோழி எல்லாம் இறங்கும். சில நாள் முன்பிருந்தே கீரை ஆய்வார்கள். மண் போக ஒவ்வொரு கட்டையும் பலமுறை அலச வேண்டும். அவித்து, அரைத்து, அவித்த தண்ணீரையும் வீணாக்காமல் குழம்பில் சேர்ப்பார்கள். அன்றைக்கு அந்த உணவகத்தில் நீதிபதியும் பேருந்து ஓட்டுநரும் பக்கத்து மேசைகளில் இருப்பார்கள். கிரியோல் வீடுகளில் இந்தக் குழம்பு மெல்ல மறைந்துகொண்டிருந்த காலத்தில் அதை ஆண்டுதோறும் விடாமல் சமைத்து நகரத்தின் பொது விருந்தாக மாற்றியதற்காகவே லியாவுக்குத் தனியாக நன்றி சொல்லலாம்.

உணவகத்தின் மேல்மாடி அறைக்கு வேறொரு வரலாறு. லூயிசியானாவில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே உணவகத்தில் சேர்ந்து உண்பது சட்டப்படி குற்றமாக இருந்த 1950களிலும் 60களிலும், இரு நிறத்தவரும் சேர்ந்து அந்த அறையில் கூடினார்கள். வழக்கறிஞர் ஏ.பி. டூரோ நகரப் பள்ளிகளில் பிரிவினையை ஒழிக்கும் வழக்குகளை நடத்தியவர். 1960 நவம்பர் 14 அன்று ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் வெள்ளையர் பள்ளிக்குள் காலெடுத்து வைத்தது அந்தச் சட்டப் போராட்டத்தின் பயன். டூரோ இங்கே வழக்கமாக வருபவர். அவரோடு இணைந்து பணியாற்றிய, பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷலும் இங்கே சாப்பிட்டார். மார்டின் லூதர் கிங்கும் வந்தார். பக்கத்து நகரமான பேட்டன் ரூஜில் 1953இல் கறுப்பின மக்கள் பேருந்துப் புறக்கணிப்பு நடத்தியிருந்தார்கள். அந்த அனுபவத்தைக் கேட்டறிவது லூயிசியானாவுக்கு வரும் தலைவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

கோர் என்று அறியப்பட்ட இனச் சமத்துவ அமைப்பின் இளைஞர்கள் 1960 செப்டம்பரில் கேனல் தெருக் கடைகளின் சாப்பாட்டு முகப்பில் போய் உட்கார்ந்து கைதானார்கள். ரூடி லொம்பார்ட், ஒரீத்தா காசில், சிசில் கார்ட்டர் என்ற மூன்று கறுப்பின மாணவர்களும், சிட்னி கோல்ட்ஃபின்ச் என்ற வெள்ளை மாணவரும். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1963இல் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. ஒரு தட்டுச் சாப்பாட்டுக்காக நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போன இந்தப் பிள்ளைகள் டூக்கி சேஸில் வழக்கமாகக் கூடி, லியாவின் கையால் சாப்பிட்டவர்கள். ரூடி லொம்பார்ட் அந்த நன்றியை வேறு விதத்தில் திருப்பிச் செலுத்தினார்: நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினச் சமையல் வல்லுநர்களைப் பற்றி 1978இல் வந்த ‘கிரியோல் ஃபீஸ்ட்’ நூலை நத்தானியல் பர்ட்டனோடு சேர்ந்து எழுதினார். லியா அதில் ஒருவர்.

1961 மே மாதம், பேருந்துகளில் நிலவிய இனப் பிரிவினையை எதிர்த்த விடுதலைப் பயணிகள் பேருந்தேறித் தெற்கே வந்தார்கள். அலபாமாவில் ஒரு பேருந்து கொளுத்தப்பட்டது. பயணிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். காயம்பட்ட முதல் குழுவினர் விமானத்தில் நியூ ஆர்லியன்ஸ் வந்து சேர்ந்தனர். இந்தப் போராட்டக்காரர்களுக்கு லியா போட்ட சாப்பாடு கம்போவும் வறுத்த கோழியும். பேருந்தேறிப் புறப்படுவதற்கு முன்னும், சிறையிலிருந்து வெளிவந்த பின்னும் இளைஞர்கள் வந்து போனார்கள். காவல்துறைக்கு மாடியில் நடப்பது தெரியாமல் இல்லை. ஆனால் கறுப்பின மக்கள் அவ்வளவு நேசித்த இடத்தில் கை வைத்தால் ஊர் கொந்தளிக்கும் என்ற அச்சம் அதற்குக் காவலாக நின்றது. மிரட்டல் கடிதங்கள் வந்தன. ஒரு முறை போகிற வண்டியிலிருந்து குழாய் வெடிகுண்டையும் எறிந்தார்கள். கடை மூடவில்லை. ஒரு கிண்ணம் கம்போவைச் சுற்றி உட்கார்ந்து தாங்கள் அமெரிக்காவின் போக்கை மாற்றியதாக லியா பின்னாளில் சொல்வதுண்டு. அது மிகையில்லை. மேடையில் பேசியவர்களின் பெயர்கள் சிலைகளில் இருக்கின்றன; அவர்களைக் கூடிப் பேச வைத்த அறையும், இரவில் அவர்களுக்காக எரிந்த அடுப்பும் அதே அளவுக்கு வரலாறுதான்.

இசைக் கலைஞர்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை. டியூக் எலிங்டனும் லீனா ஹார்னும் நகர மேடைகளில் கைதட்டல் வாங்கலாம். மேடையிலிருந்து இறங்கிய பின் நகரத்தின் பெரிய உணவகங்களில் சாப்பிட முடியாது. டூக்கி சேஸ்தான் அவர்களுக்கு வீடு. நாட் கிங் கோலுக்கு நான்கு நிமிடம் வேகவைத்த முட்டை வேண்டும் என்பது அடுக்களைக்குத் தெரியும். ரே சார்ல்ஸ் தன் பாட்டு ஒன்றிலேயே இந்த உணவகத்தின் பெயரைச் சேர்த்துப் பாடினார்.

1964ஆம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டத்துக்குப் பிறகு எல்லாக் கதவுகளும் திறந்தன. டூக்கி சேஸுக்கு அதுவரை இருந்த கட்டாயத் தேவை மறைந்தது. உணவகம் நிலைத்து நிற்கப் புதுக் காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணத்தை லியா சுவரில் மாட்டினார். நகரப் பூங்காவுக்குள் கறுப்பினத்தவர் நுழைய முடியாத காலத்தில் வளர்ந்தவர் என்பதால், ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் அவர் ஓர் அருங்காட்சியகத்துக்குள் முதன்முதலாகப் போனார். பிறகு அதே பூங்காவில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் கலை அருங்காட்சியகத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். எலிசபெத் கேட்லெட், ஜேக்கப் லாரன்ஸ், ஜான் பிக்கர்ஸ், ஜான் ஸ்காட் போன்ற கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளை வாங்கியும் பெற்றும் உணவகத்தை நிறைத்தார். கலைக்கூடத்தை எட்டிப் பார்த்திராதவர்கள் கோழிக் கறிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கேட்லெட்டின் படைப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளிக்கு வயிற்றை மட்டும் நிரப்பி அனுப்பக் கூடாது என்று எண்ணியவர் செய்த ஏற்பாடு அது.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயலில் வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து நகரத்தின் 80 சதவீதம் தண்ணீரில் மூழ்கியது. உணவகத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. ஓவியங்களைப் பேரன் ஒருவர் பத்திரமாக அகற்றிக் காப்பாற்றினார். மற்றவை பெரும்பாலும் பாழ். அப்போது லியாவுக்கு 82 வயது. அவரும் டூக்கியும் அரசு கொடுத்த இழுவை வண்டி வீடொன்றில், உணவகத்துக்கு எதிரே, குடியேறினார்கள். ஒவ்வொரு நாளும் கண்ணெதிரே அடைத்துக் கிடந்த கடை. எதிர்ப்புறம் 1941 முதல் இருந்த லஃபீட் அரசுக் குடியிருப்பு காலியாகி, பின்னர் இடிக்கப்பட்டது; வாடிக்கையாளர்களில் பலர் வேறு மாநிலங்களில் சிதறிப் போயிருந்தார்கள்.

2006ஆம் ஆண்டுப் பெரிய வியாழன் அன்று நகரத்தின் மற்ற உணவகத்தார் ஒன்றுகூடினார்கள். பிரெஞ்சு குவார்ட்டரில் ஓர் உணவகத்தில் லியாவின் கீரைக் கம்போவும் வறுத்த கோழியும் பரிமாறினார்கள். ஒரு தலைக்கு 75 முதல் 500 டாலர் வரை கட்டணம். 50 கேலன், அதாவது ஏறத்தாழ 190 லிட்டர், கம்போ தீர்ந்தது. 40,000 டாலர் சேர்ந்தது. ஒரு காலத்தில் அவர் உட்கார முடியாத அதே பிரெஞ்சு குவார்ட்டரில், அவருடைய அடுப்பை மறுபடி மூட்டுவதற்காக எல்லா நிறத்தவரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். உணவகம் 2007இல் மீண்டும் திறந்தது.

அதன் பிறகான பன்னிரண்டு ஆண்டுகளில் புகழ் தானாகத் தேடி வந்தது. ஜார்ஜ் புஷ் வந்து சாப்பிட்டார். பராக் ஒபாமா வந்து, கம்போவைச் சுவைக்கும் முன்பே காரச் சாறு ஊற்றப் போய், லியாவிடம் கண்டிப்பு வாங்கினார். 2009இல் வெளியான டிஸ்னி படம் ‘தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்’கில் சொந்த உணவகம் தொடங்கத் துடிக்கும் டியானா பாத்திரத்துக்கு லியாவின் வாழ்க்கை தூண்டுதல். 2016இல் ஜேம்ஸ் பேர்ட் அறக்கட்டளை வாழ்நாள் சாதனை விருது தந்தது. எழுபது ஆண்டுகள் உடனிருந்த கணவர் டூக்கி அதே ஆண்டு நவம்பரில் 88 வயதில் காலமானார். தாயாகப் பெரிய துயரையும் அவர் முன்பே பார்த்திருந்தார். தன்னோடு அடுக்களையில் நின்ற மூத்த மகளை 1990இல் இழந்தவர். துயரத்துக்கு அவர் அறிந்த மருந்து வேலைதான். தொண்ணூறு வயதுக்கு மேலும், நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காலையில் அடுக்களைக்கு வந்து காய் நறுக்கினார். மதியம் கூடத்துக்கு வந்து மேசை மேசையாக விசாரித்தார்.

மூத்த வயதின் இந்த அடுக்களை நாட்களை ஓவியர் குஸ்தாவ் பிளாஷ் தொடராகத் தீட்டினார். பூசணி வகைக் காயை நறுக்குவது, சட்டியைப் பார்ப்பது என்று சாதாரணக் காட்சிகள். 2012இல் நகரக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. காய் நறுக்கும் ஓவியம் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய உருவப்படக் கூடத்துக்குப் போயிருக்கிறது. நடிகை ஹாலி பெரி மாதிரியோ லீனா ஹார்ன் மாதிரியோ என்னை வரைந்திருக்கலாம், என்னைப் போலவே வரைந்துவிட்டாயே என்று லியா ஓவியரிடம் சொன்னாராம். அந்தப் படங்களின் பெருமையே அதுதான்: கௌரவப் படம் வரைவதற்கான இருக்கையில் அவரை உட்கார வைக்காமல், வேலை நடக்கிற இடத்தில் வேலை செய்பவராகவே காட்டுகின்றன.

அவர் தவறாமல் திருப்பலிக்குப் போன புனித பீட்டர் கிளேவர் ஆலயம் ட்ரெமேயிலேயே இருக்கிறது. 2019 ஜூன் 10 அன்று இறுதித் திருப்பலி அங்கேதான் நடந்தது. பிறகு நியூ ஆர்லியன்ஸ் வழக்கப்படி பித்தளை வாத்தியக் குழு முன்னே செல்ல, ஊரார் குடை சுழற்றிக் கைக்குட்டை வீசித் தெருவில் ஆடியபடி பின்னே போனார்கள். ‘செகண்ட் லைன்’ எனப்படும் இந்த ஊர்வலத்தில் அழுகையும் ஆட்டமும் ஒன்றாகவே இருக்கும். அடக்கம் நடந்தது எஸ்பிளனேட் அவென்யூவில் உள்ள செயிண்ட் லூயிஸ் மூன்றாம் எண் கல்லறைத் தோட்டத்தில். தாழ்வான நிலம் என்பதால் அங்கே கல்லறைகள் தரைக்கு மேலே, சிறு வீடுகள் போல வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் நகரப் பூங்காவும் கலை அருங்காட்சியகமும்.

உணவகத்தைக் குடும்பத்தினரே நடத்துகிறார்கள். பாரிஸில் சமையற்கலை படித்த பேரன் அடுக்களையைக் கவனிக்கிறார். பெரிய வியாழன் கீரைக் கம்போ நிற்கவில்லை. அன்றைய பந்திக்கு வெகு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். கல்வி, கலை, சமையற்கலை, சமூக நீதி ஆகியவற்றுக்கு உதவ 2013இல் தொடங்கிய எட்கர் டூக்கி, லியா சேஸ் குடும்ப அறக்கட்டளை இயங்குகிறது. அவர் அணிந்த சமையல் மேலங்கி வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கத்ரீனாவுக்குப் பிறகு நகரத்துப் பொதுப் பள்ளிகள் எல்லாம் படிப்படியாகத் தனி அமைப்புகளின் நிர்வாகத்துக்குப் போயிருந்தன. 2024 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸ் கல்வி வாரியம் பல ஆண்டுகளுக்குப் பிறகு தானே நேரடியாக நடத்தும் ஒரு தொடக்கப் பள்ளியைத் திறந்து, அதற்கு லியா சேஸ் பள்ளி என்று பெயர் வைத்தது.